மேசை விரிப்பில் ஐந்து வளையங்கள்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு படம்தான் வரைந்திருக்கிறேன். அதை இரண்டு முறை வரைந்தேன். முதல் தடவை மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், ஈப்போ பக்கம் லகாட்டைத் தாண்டி இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில். இரண்டாவது தடவை போன மாதம், குனோங் ராபாட்டில், என் வீட்டுச் சமையலறை மேசையில். முதல் படம் இப்போது இல்லை. அது எங்கே போனது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரியில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததும் என்னை ஸ்டோரில் வேலைக்குச் சேர்த்தார்கள். ரப்பர் மரத்துப் பாலை உறைய வைத்து, மெஷினில் கொடுத்து ஷீட்டாக இழுத்து, புகைவீட்டில் தொங்கப்போடுகிற இடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவள்தான் நான்.

வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடிப்போன பிறகு ஷீட்டு வாங்க ஆளில்லாமல் போனது. மெஷின் நின்றது. பாதிக் காட்டை வெட்டி மரவள்ளி நட்டார்கள். மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்குத்தான் அரிசி என்று சொல்லிவிட்டான் ஜப்பான்காரன். அந்த அரிசியும் ஒரு கை அள்ளினால் பாதி, வண்டு பிடிக்காமல் இருக்கப் போட்ட சுண்ணாம்புத் தூளாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த ஆயா குளிர்காய்ச்சலில் செத்துப்போனதால் அந்த இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

பன்னிரண்டு கட்டில் கொண்ட ஆஸ்பத்திரி அது. முன்பு மாதம் இரண்டு தடவை ஈப்போவிலிருந்து டாக்டர் வருவார், அது நின்றுபோயிருந்தது. மிச்சம் இருந்தது புண் கட்டி மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் ஒருவர், ஒரு சமையல்காரர், நான். டிரஸ்ஸர் ஈப்போ டவுனில் பிறந்து வளர்ந்தவர். பொறுமைசாலி. நோயாளியைத் தொடுமுன் தன் கையை உரசிச் சூடாக்கிக்கொள்வார். ஆனால் பால்மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் நிழலில் கொசு அதிகம் என்பது மட்டும்தான்.

காய்ச்சல் மாத்திரை தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தது. அலமாரியில் இருந்தவை மூன்று புட்டிகள். புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து, மஞ்சள் மருந்து, சிவப்பு மருந்து. அவற்றை டிரஸ்ஸர் சொட்டு எண்ணித்தான் எடுப்பார். கட்டுவதற்குத் துணி கிடையாது. தோட்டத்தில் பாதிப் பேர் கோணிச்சாக்கு உடுத்தியிருந்த காலம். வாழைக் குருத்தை வாட்டிப் புண்மேல் வைத்து நாரால் கட்டுவோம்.

அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

உறவில் அக்கா இல்லை. எங்கள் லயத்து வரிசையிலேயே நாலு வீடு தள்ளி இருந்தவள். மரவள்ளிக் காட்டில் மண்வெட்டி நழுவிக் கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்போரம் வெட்டிவிட்டது. சின்னக் காயம்தான் என்று மண்ணைத் தட்டிவிட்டு வேலை செய்திருக்கிறாள். மூன்று வாரத்தில் அது உள்ளங்கை அகலத்துக்கு ஆறாப்புண்ணாகிவிட்டது. அவள் வீட்டுக்காரரை அதற்கு முந்தின வருடமே சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் ஆறு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மண்வெட்டி பிடிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

தினமும் காலையில் டிரஸ்ஸர் ஒரு கரண்டியைக் கொதிநீரில் போட்டெடுத்து, அழுகின சதையைச் சுரண்டி எடுப்பார். மயக்க மருந்து எதுவும் இல்லை. நான் அவள் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலி வந்தால் அவள் அழமாட்டாள், பேசுவாள்.

"ஐயா, நீங்க சொரண்டுறது என் காலையா, அடிப்பிடிச்ச சோத்துச் சட்டியையா?"

"சோறு இருந்தா நான் ஏன் உன் காலைச் சொரண்டுறேன்? கொஞ்சம் அசையாம இரும்மா."

"அசையலய்யா. கட்டிலுதான் அசையுது. ஏ ஊமச்சி, கையை நல்லாப் புடி. உன் கையி என்னா வாழைத்தண்டு மாதிரி இருக்கு. பேசத்தான் மாட்ட, புடிக்கவாச்சும் செய்."

என்னை அவள் கூப்பிட்டதெல்லாம் ஊமச்சி என்றுதான். கேலியாகச் சொன்னாலும் அதில் முள் இருக்காது. சுரண்டி முடித்ததும் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிடுவேன். அப்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "போதும் புள்ள, போ," என்பாள். என் கையில் அவள் நகம் பதிந்த இடம் மத்தியானம் வரைக்கும் சிவந்திருக்கும்.

புண் ஆறுகிறதா, பரவுகிறதா என்பதுதான் டிரஸ்ஸருக்குப் பெரிய கவலை. பரவினால் எலும்பைத் தின்றுவிடும். அதற்கு முன்னால் காலை எடுத்தாக வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பார். முன்பெல்லாம் மெழுகுத்தாளைப் புண்மேல் வைத்து ஓரத்தைக் கோடிழுத்துக்கொள்வாராம். வாரத்துக்கு ஒன்று எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது தாள் ஏது? ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் பின்னட்டைகூடத் தீர்ந்துபோயிருந்தது.

நான் மெதுவாகச் சொன்னேன். "ஷீட்டு இருக்குங்கய்யா."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பால்மரம் நின்றது. நானே வெட்டிப் பால் எடுத்து, தட்டில் மெல்லிசாக ஊற்றி, புளித்த தண்ணீர் விட்டு உறைய வைத்து, புட்டியால் உருட்டித் தோசை மாதிரி ஒரு ஷீட்டு செய்து கொடுத்தேன். டிரஸ்ஸர் புண்ணின் ஓரத்தைச் சுற்றி ஊதா மருந்தைத் தடவினார். ஈரம் காயுமுன் ஷீட்டை அதன்மேல் வைத்து அமுக்கி எடுத்தார். வெள்ளை ஷீட்டில் ஊதா வளையம் ஒன்று, கோணல்மாணலாக, அச்சடித்ததுபோல் பதிந்திருந்தது.

"பலே," என்றார். "செவ்வாய்க்கிழமை தோறும் ஒண்ணு எடுப்போம். ஒரு மாசம் போனதும் சேத்து வச்சுப் பாப்போம்."

அந்த ஈர ஷீட்டைக் காயப்போட நான் சமையல்கட்டுக்குக் கொண்டுபோனேன். கயிறு கட்டும்வரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசையெல்லாம் கரி. என் கூடையில் மரவள்ளிக்கு அடியில் ஒரு துணி இருந்தது. அதை விரித்து அதன்மேல் கவிழ்த்து வைத்தேன்.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துரை ஓடின மறுநாள் ஊரே பங்களாவுக்குள் போய்க் கையில் கிடைத்ததை எடுத்து வந்தது. எங்கள் அம்மா எடுத்து வந்தது ஒரு மேசை விரிப்பு. கெட்டியான வெள்ளைத் துணி. ஓரத்தில் நீல நூலில் பூவேலை. பிறகு ஜப்பான்காரன், எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்காவிட்டால் தலை போகும் என்றான். அம்மா பயத்தில் திருப்பவும் இல்லை, வெளியே காட்டவும் இல்லை. நீலப் பூவைப் பார்த்தாலே பங்களாத் துணி என்று தெரிந்துவிடும் என்பதால் உடுத்தவும் முடியவில்லை. பாதியைக் கிழித்து உள்ளே கட்டிக்கொண்டாள். மீதிப் பாதி என் கூடைக்குள், மரவள்ளிக்கு அடியில்.

ஷீட்டைத் தூக்கியபோது துணியில் ஊதா வளையம் ஒட்டியிருந்தது. பதறிப்போய்க் கழுவினேன். போகவில்லை. பிழிந்து விரித்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

அது ஒரு மனுஷியின் காலில் இருக்கிற புண் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வெள்ளைத் துணியின் நடுவில் அந்தக் கோடு தனியாக நின்றபோது அதைச் சுற்றி இன்னும் ஏதோ வர வேண்டும்போல் இருந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுப்புக் கரியை எடுத்தேன். வளையத்தைச் சுற்றி அவள் காலை வரைந்தேன்.

அடுத்த செவ்வாய், இரண்டாவது ஷீட்டை அதே இடத்தில் வேண்டுமென்றே கவிழ்த்தேன். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம். மருந்துக் கிண்ணத்தைக் கழுவும் தண்ணீரைக் கொட்டாமல் சிரட்டையில் சேர்த்து வைத்து வண்ணம் பூசினேன். புண்ணைச் சுற்றி மஞ்சள். கரண்டி பட்ட இடத்தில் சிவப்பு. கட்டில் கம்பி, எனாமல் பேசின், கொசுவலை, கம்பியைப் பிடித்திருந்த அவள் கை. கை எனக்கு ஓரளவு வந்தது. கால் விரல்தான் வரவே இல்லை. அதுவரை நான் உற்றுப் பார்த்த ஒரே பொருள் பால்மரம். அதனாலோ என்னவோ என் கையில் கால் அடிமரமாகவும் விரல்கள் வேராகவும் ஆகிவிட்டன. சமையல்காரர் ஆற்றங்கரைக்குப் போகிற மத்தியான வேளையில் அரைமணி நேரம் வரைவேன். பிறகு மடித்துக் கூடைக்கு அடியில் வைத்துவிடுவேன்.

கழுவின தண்ணீரோடு நிறுத்தியிருந்தால் சொல்ல எதுவும் இருந்திருக்காது. மூன்றாவது வாரம் வண்ணம் வெளிறித் தெரிந்தது. அலமாரியைத் திறந்து ஊதாப் புட்டியிலிருந்து ஒரு மூடி எடுத்தேன். மஞ்சளில் ஒரு மூடி. அதற்கடுத்த வாரமும் எடுத்தேன்.

டிரஸ்ஸர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நான் எண்ணித்தான் எடுக்கிறேன். இது எப்படி இவ்வளவு இறங்கும்?"

சமையல்காரர் கள்ளுக்குப் பெயர்போனவர். கள்ளு கிடைக்காத காலத்தில் எதைக் கண்டாலும் குடிப்பார் என்று ஊர் பேசும். டிரஸ்ஸர் நேராகச் சமையல்கட்டுக்குப் போனார்.

"ஏய்யா, நோயாளி மருந்தைக் குடிக்கிறியா?"

"நானா? ஊதா மருந்தையா? குடிச்சா வாயில தெரியாதா? இந்தா பாருங்க!" என்று வாயைப் பிளந்து நாக்கை நீட்டினார் அவர். டிரஸ்ஸர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நடந்தால் கங்காணியிடம் சொல்லிவிடுவேன் என்றார்.

அவர் போன பிறகு சமையல்காரர் என்னைப் பார்த்து, "நீ சொல்லு தங்கச்சி, நான் அப்படிப்பட்ட ஆளா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை அக்காவுக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. டிரஸ்ஸர் அன்றைய வளையத்தைப் பதித்து எடுத்துவிட்டு, "பழசையெல்லாம் கொண்டா," என்றார். நான் அவற்றை வழக்கம்போல அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கப்போட்டிருந்தேன். ஈர ஷீட்டைப் புகையில் போடாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அது எங்கள் கைப்பழக்கம். நடுவில் இருந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வராமல் போயிருந்தன. முதல் வாரத்து ஷீட்டு மட்டும் தனியாக இருந்தது, புகையில் பழுத்துத் தேன் நிறத்தில்.

டிரஸ்ஸர் அந்தப் பழைய ஷீட்டைப் புதுசின்மேல் வைத்தார். பழைய வளையத்தைச் சுற்றிலும் புது வளையம் வெளியே தெரிந்தது. மெல்லிசாக, ஆனால் சுற்றிலும்.

 பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வளருதும்மா. அஞ்சு வாரம் சொரண்டியும் வளருது. வியாழக்கிழமை காலையில மரவள்ளி லாரி ஈப்போ போகுது. கங்காணிகிட்ட ஒரு தாள் வாங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தாரேன். முட்டிக்குக் கீழ எடுத்துருவாங்க. உசுரு நிக்கும்."

அக்கா தன் காலையே பார்த்தாள்.  அப்புறம் மெல்லக் கேட்டாள்.

"ஒத்தக் கால்ல நின்னு மண்ணு வெட்டுனா அரிசி குடுப்பானாய்யா?"

டிரஸ்ஸர் இரண்டு ஷீட்டையும் என் கையில் கொடுத்தார்.

"எனக்கு இல்லாட்டிப் போவுது. ரெண்டு புள்ளைங்க இருக்கே. அவரு சயாம்லேருந்து வந்தா, நான் எழுந்துபோய்க் கதவத் தொறக்கணும்லா."

புது ஷீட்டைக் காயப்போட நான் சமையல்கட்டுக்குப் போனேன். யாரும் இல்லை. பழக்கத்தில் துணியை விரித்து ஷீட்டைக் கவிழ்த்து எடுத்தேன். ஐந்தாவது வளையம் பதிந்தது. எல்லாவற்றுக்கும் உள்ளே.

உள்ளே என்றால் சிறியது. நான் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்து வளையங்களும் வெளியிலிருந்து உள்ளே வரிசையாகச் சுருங்கிக்கொண்டு வந்திருந்தன. வாரந்தோறும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்! அழகாக இருக்கிறது என்று பார்த்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

அப்படியானால் ஷீட்டு ஏன் வேறு மாதிரி சொல்லிற்று? புகையில் பழுத்த முதல் ஷீட்டை எடுத்து, துணியில் இருந்த முதல் வளையத்தின்மேல் வைத்தேன். இரண்டும் ஒரே நாளில் ஒரே புண்ணிலிருந்து எடுத்தவை. ஆனால் ஷீட்டில் இருந்த வளையம் துணி வளையத்துக்குள் அடங்கி உட்கார்ந்தது. சுற்றிலும் அரை விரல் இடைவெளி.

புகைவீடு ஞாபகத்துக்கு வந்தது. ஈர ஷீட்டுகளை ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருக்கித் தொங்கப்போடுவோம். புகை குடித்து வெளியே வரும்போது இரண்டுக்கும் நடுவில் விரல் விடலாம். ஏழெட்டு வருடம் தினமும் பார்த்தது. காய்ந்தால் ஷீட்டு சுருங்கும். நான் அதை டிரஸ்ஸரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. உப்பு கரிக்கும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் சொல்லவில்லை. ஷீட்டு சுருங்கும் என்று வெறும் வாயால் சொன்னால் நம்புவார்களா? துணியைக் காட்ட வேண்டும். காட்டினால் மருந்து திருடினது யார் என்று தெரியும். சமையல்கார அண்ணன் வாயைப் பிளந்து காட்டினபோது நான் சும்மா நின்றது தெரியும். நீலப் பூ தெரியும், அம்மா மாட்டிக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் மேலே, நான் படம் வரைகிறேன் என்று தெரியும். இப்போது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்கமாக இருந்தது.

செவ்வாய் போனது. புதன் காலையும் போனது. ஒரு பெண்ணின் கால் போகப்போகிறது என்று தெரிந்தும் ஒரு பகல் முழுக்க வாய் திறக்காமல் இருந்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

புதன் மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஊமச்சி, தலைய வாரிவிடு புள்ள. ஈப்போ போறவ இப்படியா போறது?"

வாரினேன். சிக்கு எடுக்கும்போது அவள் சொல்லிக்கொண்டே போனாள். சின்னவளுக்கு மரவள்ளி ஒத்துக்கொள்ளாது, நார் எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பெரியவன் தூக்கத்தில் நடப்பான், கதவுக்குக் குறுக்கே பாய் போட வேண்டும். கடைசியாகச் சொன்னாள்:

"எடுத்த கால என்னா செய்வாங்க? பொதைப்பாங்களா? ஐயாகிட்டக் கேக்க வெக்கமா இருக்கு. நீ கேட்டுச் சொல்றியா?"

எதற்கும் வெட்கப்படாதவள் அவள். சீப்பைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய்க் கூடையை எடுத்து வந்தேன். மரவள்ளியைத் தரையில் கொட்டினேன். துணியை உதறி அவள் கால்மேலேயே விரித்தேன்.

"ஐயா!" என்று கூப்பிட்டேன். அந்த வார்டில் என் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. டிரஸ்ஸர் வந்தார். சமையல்காரர் கையில் அகப்பையோடு வந்தார். எழுந்து உட்கார முடிந்த நோயாளிகள் உட்கார்ந்தார்கள்.

"ஷீட்டு சுருங்கும் ஐயா," என்றேன்.

"என்னது?"

"காஞ்சா சுருங்கும். பழைய ஷீட்டு சுருங்கிருச்சு. புண்ணு வளரல. இது துணி. இது சுருங்கல. அஞ்சு வாரமும் இதுல இருக்கு. பாருங்க."

டிரஸ்ஸர் சமையல்காரரைப் பார்த்தார். "ஷீட்டு சுருங்குமா?"

"சுருங்கும்ய்யா. இது என்னா கேள்வி? தோட்டத்துல கைப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"அப்ப ஏன் எவனும் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே லா."

டிரஸ்ஸர் குனிந்தார். தையல் நூலை எடுத்து முதல் வளையத்தின் அகலத்தை அளந்தார். அந்த நூலை அக்காவின் புண்மேல் பிடித்தார். நூல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி அளந்தார், இந்தத் தடவை நீளவாக்கில். அப்போதும் அப்படித்தான். 

"நான் அனுப்பியிருப்பேன்," என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாய் மடித்துத் திரும்பவும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அதில் பின்பக்கம் எழுத இடம் இருந்தது. அந்தக் காலத்தில் யாரும் தாளைக் கிழிக்கமாட்டார்கள்.

அக்கா முழங்கையை ஊன்றி எழுந்து துணியைப் பார்த்தாள். "இது யாரு கை? என் கையா? அடியே, நல்லாத்தான் இருக்கு. ஆனா காலக் கேட்டா மரத்த வரஞ்சு வச்சிருக்க! இது வெரலா வேரா?" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். கரண்டிக்கு அழாதவள்.

டிரஸ்ஸரின் விரல் துணியில் மஞ்சள் இருந்த இடத்தில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்தேன் ஐயா," என்றேன். "ரெண்டு தடவ. அண்ணன் எடுக்கல."

"பாருங்கய்யா!" என்றார் சமையல்காரர். "நான் குடிச்சேன்னீங்களே. துணி குடிச்சிருக்கு. நாக்க நீட்டச் சொல்லுங்க அதை."

டிரஸ்ஸர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. காதில் சொருகியிருந்த பாதிச் சுருட்டை எடுத்து இரண்டாக ஒடித்து ஒரு துண்டை அவரிடம் நீட்டினார். சமையல்காரர் வாங்கிக்கொண்டார். என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நீலப் பூவை எல்லோரும்தான் பார்த்தார்கள். அதைப் பற்றி அந்த வார்டில் யாரும் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அதற்குப் பிறகும் டிரஸ்ஸர் துணியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அதன் கெட்டியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வாழை இலை கட்டிய பன்னிரண்டு கட்டில்களுக்கு நடுவில் அவ்வளவு நல்ல வெள்ளைத் துணி. அவர் கேட்கமாட்டார் என்பதும் தெரிந்தது. நான் போய்க் கத்தரியை எடுத்து வந்தேன்.

"கிழிக்காதடி!" என்றாள் அக்கா. "நான் இன்னும் ஒழுங்கா பாக்கவே இல்ல."

அதனால் அன்று முழுக்க அதைக் கொசுவலைக் கம்பியில் தொங்கவிட்டோம். நடக்க முடிந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். முடியாதவர்கள் கட்டிலிலிருந்தே அபிப்பிராயம் சொன்னார்கள். பேசின் அச்சு அசல் என்றார் ஒருவர். கொசுவலை இருக்கிறது, கொசு எங்கே என்றார் இன்னொருவர். அக்கா பதினைந்து தடவையாவது கால் விரலைப் பழித்தாள். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மரவள்ளி லாரி வாசலில் ஹாரன் அடித்தது. யாரும் இல்லை, போ என்று டிரஸ்ஸர் கையைக் காட்டினார். லாரி போன பிறகு நான் துணியை இறக்கிக் கிழித்தேன். பன்னிரண்டு துண்டு வந்தது. சமையல்காரர் சாம்பல் போட்டு வேக வைத்தார். கரியும் மஞ்சளும் சிவப்பும் கரைந்து போயின. ஊதாவும் நீலப் பூவும் போகவில்லை. அதன் பிறகு அந்த வார்டில் ஒருவர் முழங்கையில் பாதி வளையம் இருக்கும். இன்னொருவர் தலைக்கட்டில் ஊதா பூசின அக்காவின் கால் விரல் இருக்கும். அவிழ்த்து, வேக வைத்து, மறுபடி கட்டி, நூலாகிப் போகும்வரை அவை புழங்கின. என் படம் போன இடம் அதுதான்.

அக்காவின் புண் ஆற இன்னும் இரண்டரை மாதம் ஆயிற்று. அதற்கு வளையம் எடுக்கத் துணி இல்லை. டிரஸ்ஸர் நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்தார். கணுக்கால் கொஞ்சம் இறுகிப்போனது. ஆனால் நின்றாள், நடந்தாள், மண் வெட்டினாள்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தபோது, ரயில் வருகிறது என்று கேள்விப்பட்ட நாளெல்லாம் அவள் ஈப்போ ஸ்டேஷனுக்கு நடந்தே போவாள். சில நாள் நானும் கூடப் போனேன். எலும்பும் தோலுமாக இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அவள் வீட்டுக்காரர் வரவில்லை. ஒருநாள் திரும்பி வரும் வழியில், "இனிமே ஸ்டேஷனுக்குப் போறதில்ல புள்ள," என்றாள். அதற்குப் பிறகு போகவில்லை. பிள்ளைகளை வளர்த்தாள்.

சண்டை முடிந்து இப்போது பதினாறு வருடம் ஆகிறது. போன மாதம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். மருந்துக்கடையில் ஊதா மருந்து வாங்கினேன். புட்டியைத் திறந்தேன். மகள் காலுக்குப் போட்டது இரண்டு சொட்டு. மீதியை வைத்துக்கொண்டு, தலையணை உறை ஒன்றைப் பிரித்து, மறுபடியும் வரைந்தேன். பேசின் வந்தது. கம்பி வந்தது. வளையங்களின் அளவு என் கண்ணிலேயே இருந்தது; ஐந்தும் சரியாக வந்தன. கடைசியாக, நடுவில், புண் ஆறின இடத்தின் அளவையும் போட வேண்டும் என்று தோன்றியது. அது எனக்குத் தெரியாது. அக்காவுக்கு ஒரு கார்டு எழுதினேன்.

தஞ்சோங் மாலிமில் மகன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். இன்னும் அதே வாய்.

"இதுக்கா கூப்பிட்ட? நான் என்னமோ விருந்துன்னு வந்தேன்."

நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, சேலையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டாள். தழும்பு வழவழப்பாக, வெற்றிலைக் காம்பு நீளத்துக்கு இருந்தது. அதன் ஓரத்தில் ஊதா மருந்தைத் தடவி, துணியை வைத்து அமுக்கி எடுத்தேன். நடுவில் சின்னதாக ஒரு வளையம் விழுந்தது. அவள் துணியை வாங்கி எட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"இத்தன வருஷம் ஆச்சு. இன்னும் வெரல் வேரு மாதிரிதான் இருக்கு."

"அப்படித்தான் வருதுக்கா."

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். அவள் காலில் ஊதா அப்படியே இருந்ததைப் பார்த்து ஈரத்துணி எடுத்து வந்தேன்.

"விடு புள்ள. பஸ்ல பாக்குறவன் பாக்கட்டும். வாரேன்."

கேட்டைத் திறந்துகொண்டு போனாள். பஸ் ஸ்டாப்புக்குப் பத்து நிமிட நடை. அவள் தெரு முனை திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். இறுகின இடது கணுக்காலோடு அவள் எட்டு வைக்கையில், சேலைக்குக் கீழே ஊதா அவ்வப்போது தெரிந்து தெரிந்து மறைந்தது.